கதவை அடைத்த பிறகுதான் குடம் கேட்டது: பிக்கப்பில் சவுண்ட் மாற்றிய அனுபவம்

நமக்குக் களக்காட்டுப் பக்கம் வாழை. தார் ஏற்றவும் குடும்பத்தோடு கல்யாணம் காட்சிக்குப் போகவும் ஒரே வண்டிதான், நாலு கதவு வைத்த டீசல் பிக்கப். கம்பெனியிலிருந்து வரும்போதே தொடுதிரை, ப்ளூடூத், கதவுக்கு ஒன்றாக நாலு ஸ்பீக்கர் எல்லாம் இருந்தது. வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டால் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. நாங்குநேரியில் நாலுவழிச் சாலை ஏறி எண்பதைத் தொட்டால் போச்சு. என்ஜின் உறுமல், டயர் சத்தம், பின்னால் தார்ப்பாய் படபடப்பு எல்லாம் சேர்ந்து பாட்டின் கீழ்ப்பாதியைத் தின்றுவிடும். வள்ளியூர், பணகுடி தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. ஆடி மாதம் அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டிருக்கிறார்கள்! சவுண்டைக் கூட்டினால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கத்தல்தான் வரும், பாட்டு வராது.

எனக்கு வில்லுப்பாட்டில் கிறுக்கு. ஊர்க் கோயில் கொடைகளில் பதிவு செய்தது போனில் நிறையக் கிடக்கிறது. அதில் வீசுகோல் படும்போது வில்லில் கட்டிய மணிகள் குலுங்குவதும் ஜால்ராவும் மேல் சத்தம். உடுக்கை நடு. குடத்து வாயில் மட்டையால் அடிக்கும்போது வரும் ‘தும்’ கீழ்ச் சத்தம். கம்பெனி ஸ்பீக்கரில் ஜால்ரா காதைக் குத்தும், குடம் இருப்பதே தெரியாது. அதனால் கடைக்குப் போகும் முன்னாலேயே என் அளவுகோலை முடிவு செய்துவிட்டேன். எண்பதில் போகும்போது குடம் கேட்க வேண்டும், புலவர், அதாவது வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர், சொல்லுகிற கதை ஒரு சொல் விடாமல் விளங்க வேண்டும். தெருவே திரும்பிப் பார்க்கிற சவுண்ட் எனக்கு வேண்டாம்.

முதலில் போன கடையில் இதை யாரும் காதில் வாங்கவில்லை. தொடுதிரையைக் கழற்றி வேறு மாட்டி, நாலு ஸ்பீக்கரும் மாற்றி, பின் சீட்டில் பாஸுக்கென்று, அதாவது கீழ்ச் சத்தத்துக்கென்று, 12 இஞ்ச் பாஸ் ட்யூப் வைத்தால் ‘அதிரும்’ என்றார்கள். அட்டைப்பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருந்தது. பின் சீட்டில் பிள்ளைகள் எங்கே உட்காரும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. காருக்கு டிக்கி உண்டு. பிக்கப்புக்குப் பின்னால் இருப்பது திறந்த தொட்டி, மழையும் வாழைத்தண்டுப் பாலும் விழுகிற இடம். வைப்பதெல்லாம் கேபினுக்குள்ளேதான் வைத்தாக வேண்டும்.

இந்த வாட் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு போவது இங்கேதான். என்ஜின் ஓடும்போது வண்டியில் இருப்பது ஏறக்குறைய 14 வோல்ட். அந்த வோல்ட்டை அப்படியே வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சத்தம் கிழியாமல் கொடுக்க முடிவது, கணக்குப் போட்டால், 25 வாட் பக்கம். டேஷ்போர்டு யூனிட்டில், அதாவது தொடுதிரைப் பெட்டியில், ‘50 வாட் x 4’ என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதற்குள்தான் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற சர்க்யூட் இருக்கிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபெல்தான் கூடும். அதே 3 டெசிபெல்லை, சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 88 போட்ட ஸ்பீக்கருக்குப் பதில் 91 போட்டதை வாங்கினாலே எடுத்துவிடலாம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குகிற வாட்), சென்சிட்டிவிட்டி இரண்டையும் படித்தால் போதும்.

பாளையங்கோட்டையில் ஒரு ஷெட்டில் தனியாக வேலை பார்க்கிற தம்பி ஒருவரைச் சொந்தக்காரர் காட்டிவிட்டார். அவர் பாட்டே போடச் சொல்லவில்லை. முன் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ‘டண்’ என்றது.

“அண்ணாச்சி, ஸ்பீக்கரப் பத்தி அப்புறம் பேசுவோம். மொதல்ல இந்தக் கதவு என்ன லெட்சணத்துல இருக்குன்னு பாப்போம்.”

உள்பக்க பிளாஸ்டிக் பேனலைக் கழற்றினார். கதவின் உள்தகடு முழுக்க ஓட்டை, கண்ணாடி மெஷினை மாட்டுவதற்குக் கம்பெனிக்காரன் விட்ட ஓட்டை. ஒன்றில் என் கை முழங்கை வரை போனது. அதை மூடியிருந்தது கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் மட்டும். ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். எடையே இல்லை. பிளாஸ்டிக் சட்டம், காகிதக் கூம்பு, பின்னால் பேருக்கு ஒரு காந்தம்.

“எம்மா பெரிய ஸ்பீக்கர் போட்டாலும் இந்த ஓட்ட வழியா பாஸ் பூரா ஓடிப் போயிரும் பாத்துக்கிடுங்க. ஒங்க ஸ்பீக்கருக்குப் பொட்டியே இந்தக் கதவுதான்.”

யோசித்தால் அது சரிதான். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், அதில் முதலில் சாவது பாஸ். கொடைக்கு வருகிற சவுண்ட் சர்வீஸ்காரர் ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் வைத்துத்தானே கொண்டுவருகிறார். வண்டிக் கதவில் பெட்டி கிடையாது, நாம்தான் கதவைப் பெட்டியாக்க வேண்டும்.

அதற்குத் தகட்டின் அதிர்வை அடக்குகிற டேம்பிங் ஷீட் ஒட்டுகிறார்கள். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பியூட்டைல் ரப்பர், 2 மில்லிமீட்டர் தடிமன். இதிலேயே தார் கலந்த மலிவு ஷீட் உண்டு, பாதி விலைதான். நம்ம ஊர் கத்திரி வெயிலில் வெட்டவெளியில் நிற்கிற வண்டிக்கு அது ஆகாது. உருகி ஒழுகும், கேபின் முழுக்கத் தார் வாடை அடிக்கும். இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

ஒட்டுகிற வேலையை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பழைய கறுப்புப் பசையைச் சுரண்டுவதற்கே பாதிப் பொழுது. பிறகு தகட்டைத் தின்னர் வைத்துத் துடைத்து, வெளித்தகட்டின் உள்பக்கத்தில் முதல் அடுக்கு. கையை ஓட்டைக்குள் விட்டு, சின்ன இரும்பு ரோலரால் அலுமினியத் தாளில் இருக்கிற பூவேலை அழிகிற வரை அழுத்த வேண்டும். பூ அழியாத இடத்தில் ஷீட் ஒட்டவில்லை என்று அர்த்தம். அடுத்து உள்தகட்டில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக மூடினார். கண்ணாடி மெஷின், லாக் கம்பி இரண்டும் உரசாமல் ஏறி இறங்குகிறதா என்று நடுநடுவே பார்த்துக்கொண்டார். கதவின் அடியில் இருக்கிற தண்ணீர்த் துளைகளை மட்டும் தொடவில்லை. மழைத் தண்ணீர் கண்ணாடி ரப்பர் வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அது அடி வழியாக வெளியேற வேண்டும். அந்தத் துளைகளை அடைத்தால் கதவு உள்ளேயிருந்து துரு பிடிக்கும்.

முடித்ததும் பழைய கம்பெனி ஸ்பீக்கரையே மறுபடி மாட்டச் சொன்னேன். தம்பி சிரித்தார், ஆனாலும் மாட்டினார். அப்படியே களக்காடு வரை ஓட்டிக்கொண்டு வந்தேன். குடம் வந்துவிட்டது! தெளிவு போதாது, மெலிசுதான், ஆனால் அடிக்கிற இடம் தெரிந்தது. அதே ஸ்பீக்கர், அதே யூனிட். கதவைச் சாத்தினால் ‘டண்’ போய் ‘டப்’ என்று கனமாக விழுந்தது. வீட்டுக்காரி ஏறி உட்கார்ந்து சாத்தியதுமே, “ஏங்க, கதவ மாத்திட்டியளா?” என்று கேட்டாள்.

இத்தோடு நிறுத்தியிருந்தாலும் பாதகமில்லை. ஆனால் புலவர் குரலில் இருந்த கரகரப்பு போகவில்லை.

ஸ்பீக்கருக்கு ஆறரை இஞ்ச் காம்போனென்ட் செட் எடுத்தேன். கீழ்ச் சத்தத்துக்கு வூஃபர் கதவில், மேல் சத்தத்துக்கு ட்வீட்டர் தனியாகக் கண்ணாடி முக்கில், இரண்டுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்க நடுவில் க்ராஸ்ஓவர். கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குக் கீழே கிடப்பதால் மேல் சத்தமெல்லாம் காலோடு போய்விடும். ட்வீட்டர் மேலே ஏறியதும் புலவர் டேஷ்போர்டு மேல் உட்கார்ந்து பாடுகிறார். வாங்கும் முன் ஆழம் பார்க்க வேண்டும். கண்ணாடியை முழுக்க இறக்கி, அதற்கும் ஸ்பீக்கர் வாய்க்கும் இடையே உள்ள இடத்தை அளந்தால்தான் காந்தம் இடிக்குமா இல்லையா என்று தெரியும். என் வண்டிக்கு இடையில் ஒரு வளையம் வைக்க வேண்டியிருந்தது. எம்டிஎஃப் பலகை வளையம் ஈரத்தில் ஊதிவிடும் என்று பிளாஸ்டிக் வளையமே போட்டார். ப்ளஸ் மைனஸ் குழப்பம் வராமல் இருக்க ஒரு வழி: சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு நொடி தொட்டால், சரியாக இருந்தால் கூம்பு வெளியே வரும், மாறியிருந்தால் உள்ளே போகும். இரண்டு கதவும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று மாறினாலும் நடுவில் பாஸ் காணாமல் போகும்.

கம்பெனித் தொடுதிரையை மாற்றவில்லை. ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன் எல்லாம் அதோடுதான் பிணைந்திருக்கிறது, வாரண்டியும் பாக்கி. அதனால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கிற ஹை லெவல் இன்புட் உள்ள 4 சேனல் ஆம்ப்ளிஃபயர். ஒரு ஒயரையும் வெட்டாமல், வண்டிக்கென்று கிடைக்கிற கப்ளர் வைத்து இடையில் சொருகிக்கொள்ளலாம். வெட்டி டேப் சுற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பவர் ஒயரில்தான் ஏமாற்று அதிகம். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரைச் செம்பு என்றே விற்கிறார்கள். நரம்பைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும், அசல் செம்பு உள்ளேயும் சிவப்பாகவே இருக்கும். கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பார்த்துத்தான் 8 கேஜ் செம்பு ஒயர் வாங்கினோம். பேட்டரி ப்ளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்ப் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயருக்கு இல்லை, ஒயருக்கு. கேபினுக்குள் நுழைகிற இடத்தில் தகடு ஒயரை அறுத்தால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். நுழைகிற துளைக்கு ரப்பர் க்ரோமெட் போட்டார்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ‘ஙொய்ங்’ என்று ஒரு ராகம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் சுதி ஏறுகிறது. என்ஜினோடு சுற்றி மின்சாரம் கொடுக்கிற ஆல்டர்னேட்டரின் சத்தம். பவர் ஒயர் வலது பக்கமும் சிக்னல் ஒயர் இடது பக்கமுமாகத்தான் போயிருந்தது, அதில் குறையில்லை. மல்டிமீட்டர் வைத்துத் தேடியபோது அகப்பட்டது: உதவிக்கு நின்ற பையன் எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தான். உப்புத்தாள் வைத்து வெறுந்தகடு பளபளக்கும் வரை தேய்த்து, வளைய லக் போட்டு முறுக்கியதும் முக்கால்வாசி போயிற்று. மீதி கால்வாசிக்குக் காரணம் பிக்கப்புக்கே உரியது. இந்த மாதிரி வண்டியில் கேபின் தனி, அடிச்சட்டமான சேசிஸ் தனி, நடுவில் ரப்பர் புஷ். இரண்டையும் மின்சாரத்தில் இணைப்பது எர்த் பட்டைதான். நம்ம வண்டி மண் ரோட்டிலும் வாழைக்காட்டுச் சகதியிலும் புரள்வது. பட்டையின் முனையில் அழுக்கு அப்பியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதும் ராகம் நின்றது.

பாஸுக்குப் பின் சீட்டுக்கு அடியில் பாஸ் மட்டும் பாடுகிற 8 இஞ்ச் தட்டையான சப்வூஃபர், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே உள்ளது. ஜாக்கியை மட்டும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. ட்யூப் மாதிரி நெஞ்சில் இடிக்காது, ஆனால் குடத்துக்கு இது தாராளம்.

கடைசி வேலைதான் ருசியானது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, யூனிட்டை முக்கால் சவுண்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற முனையில் ஏசி வோல்ட் பார்த்தார். 4 ஓமுக்கு 50 வாட் என்றால் 14.1 வோல்ட். அந்த அளவு வந்ததும் கெயினை நிறுத்திவிட்டார். கெயின் என்பது சவுண்டைக் கூட்டுகிற திருகு இல்லை, யூனிட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற திருகு. அதைக் கடைசி வரை திருகித்தான் ஊரில் பாதி ட்வீட்டர்கள் எரிகின்றன. முன் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, சப்புக்கு 80-க்கு மேலே வெட்டு. சப்பின் கூம்பு முன் ஸ்பீக்கரோடு சேர்ந்து அசையவா, எதிராக அசையவா என்று மாற்றுகிற ஃபேஸ் பட்டன் 0, 180 என்று இருக்கும். வில்லுப்பாட்டு ஓட விட்டு, டிரைவர் சீட்டில் இருந்தபடி இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். 180-இல் குடம் பின்னாலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்தது. புத்தகத்தில் பதில் கிடையாது, வண்டிக்கு வண்டி மாறும்.

மறுநாள் காவல்கிணறு வரை ஓட்டினேன். எண்பதில் கதை சொல் சொல்லாகக் கேட்டது. முன்னே யூனிட்டில் சவுண்டை 28-இல் வைத்துக் கத்தவிட்டது இப்போது 17-இல் போதும். புதிதாக ஒரு தொல்லை, சீட் பெல்ட் கொக்கி கிலுகிலுவென்று தூணில் அடித்தது. துணி டேப் சுற்றியதும் அடங்கிவிட்டது.

செலவு மொத்தம் நாற்பதாயிரத்தைத் தொட்டது, கூலியோடு. அதில் டேம்பிங்குக்குப் போனது ஆறில் ஒரு பங்குதான். பின் கதவுகளில் இன்னும் கம்பெனி ஸ்பீக்கரே இருக்கிறது, ஆம்ப்பின் மீதி இரண்டு சேனலைக் குறைவாகக் கொடுத்து வைத்திருக்கிறேன். பின்னால் உட்காரும் பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறார்கள், அவர்களுக்காகச் செலவழிப்பானேன்.

பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை என் வண்டியில் ஒரு நாள் வந்துவிட்டு, தன் சிங்கிள் கேபின் பிக்கப்பையும் அதே ஷெட்டுக்குக் கொண்டுபோனான். சப் வைக்க அதில் இடமில்லை, கையிலும் அவ்வளவு காசில்லை. இரண்டு கதவையும் அடைத்துக்கொண்டு பழைய ஸ்பீக்கரோடேயே திரும்பிவிட்டான். அது போதும் என்கிறான். அவன் கேட்பது நியூஸும் கிரிக்கெட் கமென்ட்ரியும்தான்.