653 பாசஞ்சர் சிக்கல் ஒருவழியா தீந்துச்சு

நான் எழுதுற டைம் டிராவல் கதையில இத்தன நாளா நகராம கெடந்த பாம்பன் ஸ்டேஷன் அத்தியாயம் நேத்து முடிஞ்சிருச்சுங்க. ஆளுக்கொரு சக்தி இருக்குற மூணு பசங்க, தனுஷ்கோடிய புயல் அழிச்ச 1964 டிசம்பர் 22 ராத்திரியில மாட்டிக்குறாங்க, அதுதான் கதை. சிக்கல் பூரா அந்த 653 பாசஞ்சர்லதான். ராத்திரி 11:55க்கு பாம்பன விட்டு கெளம்புது, 110 பயணிங்க, 5 ரயில்வே ஆளுங்க, தனுஷ்கோடிக்குக் கொஞ்சம் முன்னாடி சிக்னல் கெடைக்காம நின்னு, டிரைவர் விசில் அடிச்சிட்டு வண்டிய எடுக்க, அல வந்து அப்படியே வாரிட்டுப் போயிருது. நடந்தத மாத்தக் கூடாதுங்கறது என் பிடிவாதம். ஆனா நேரத்த பத்து நிமிஷம் திருப்புற சக்திய அந்த மூணு பேர்ல ஒருத்தி யாழினிக்கு நானே குடுத்துட்டேனே, அவ சும்மா நிப்பாளா?

சரின்னு அவள 12:10க்கு ஸ்டேஷனுக்குள்ள விட்டேன். திருப்புனா 12:00தான், வண்டி போயாச்சு. டிராஃப்ட படிச்ச அக்கா பொண்ணு கேட்டா பாருங்க, "ஏன் சித்தி, இன்னொரு தடவ திருப்புனா 11:50 வந்துருமே?" மூக்குல ரத்தம், மயக்கம்னு எழுதிப் பாத்தேன், டைம் டிராவல் கதையில மூக்குல ரத்தம் வராத புள்ளையே கெடையாது, எனக்கே சகிக்கல. கடைசியா சிக்குன ரூல் இது: திருப்புன பத்து நிமிஷத்த முழுசா மறுபடி வாழ்ந்து முடிச்சாத்தான் அடுத்து திருப்ப முடியும். ஆக எத்தன தடவ திருப்புனாலும் அதே 12:00, அதே காலி பிளாட்பாரம், கையில அரிக்கேன் லைட்டோட அதே ஸ்டேஷன் மாஸ்டர் "யாரும்மா நீ"ன்னு மொதல்லேருந்து கேக்குறாரு. எழுதி முடிச்சிட்டு வீட்டுல எல்லாரையும் உக்கார வெச்சு படிச்சுக் காமிச்சேன், அப்படி ஒரு பெருமை!

இந்த வேலைக்கு எக்செல் லாயக்கே இல்லங்க. தேதி வரிசை ஒண்ணு, யாழினி வாழுற வரிசை வேற, ரெண்டையும் ஒரே ஷீட்ல போட்டா தலை சுத்துது. செவுத்துல அட்டை குத்தி தேதிக்கு நீல நூல், அவளுக்கு சிவப்பு நூல் கட்டுனதும்தான் வெளங்குச்சு. அட்டைக்கு பாரிமுனை ஆண்டர்சன் தெரு போங்க, கேட்ட சைஸ்ல வெட்டித் தராங்க. ஆங், டிக்கெட் சீன் எழுதுறவங்க கவனிங்க, 1964 ஜூன் 1லயே 'நயா பைசா' வெறும் பைசா ஆயிருச்சு.

ரெண்டாம் பாகம் பாம்பன் பாலம். அதே புயல்ல ஒடஞ்சத ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல சரி பண்ணுனாங்கல்ல, கடலுக்குள்ள கெடந்த கர்டரயெல்லாம் (பாலத்தத் தாங்குற இரும்பு உத்திரம்) தேடி எடுத்து? தூரத்துச் சத்தம் கேக்குற சக்தி இருக்குற இன்னொரு பையன் ரஃபிக்கு அங்கதான் வேலையே. மொத பாகத்துல பசங்க இன்னும் வீடு திரும்பல, அதுக்குள்ள இதுக்கு மஞ்ச அட்டை ஆர்டர் குடுத்தாச்சு.