மருந்துப் பையைக் கொண்டு வாருங்கள்

பினாங்கில் மருத்துவமனையொன்றில், மூச்சுப்பாதைக்குள் குழாய் செலுத்தி நுரையீரலைப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி அறையில் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். பென்சிலைவிட மெல்லிய, வளையக்கூடிய அக்குழாயைக் கண்டதும் நோயாளிகளின் முகம் மாறிவிடும். 1897இல் ஜெர்மானிய மருத்துவர் கில்லியன் வளையாத உலோகக் குழாயைக் கொண்டே மூச்சுப்பாதையில் சிக்கிய எலும்பை எடுத்தார். ஜப்பானிய மருத்துவர் இக்கேதா 1960களில் உருவாக்கிய வளையும் கருவியால்தான் நோயாளி விழித்திருக்கும்போதே நுரையீரலின் கிளைகளுக்குள் சென்று பார்ப்பது எளிதாயிற்று. இதனால் உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது என்பதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால், கருவி உள்ளே போவதற்கு முன்பு நாங்கள் கேட்கும் கேள்விகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறை நகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டு மாதமாக இருமல். உடல் மெலிந்துகொண்டே வந்தது. எக்ஸ்ரேயில் வலப்புற மேல்பகுதியில் நிழல் தெரிந்தது, சளிப் பரிசோதனையிலோ எதுவும் தெரியவில்லை. காசநோயா, புற்றுநோயா என்று அறிய, அவ்விடத்தைக் கழுவி நீரெடுக்கவும் சிறு திசுத்துண்டு கிள்ளியெடுக்கவும் மருத்துவர் முடிவு செய்திருந்தார். “ஐயா, ரத்தம் மெலிதாக்கும் மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டேன். “இல்ல மிஸ்ஸி, இனிப்புநீர் மாத்திரையும் இருதய மாத்திரையுந்தான்” என்றார். நானும் படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்துவிட்டேன்.

தொண்டையில் மரப்பு மருந்து தெளிக்கத் தொடங்கும் வேளையில், அவருடைய மகள் வெளியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை அனுப்பிவைத்தார். அதிலிருந்த ‘இருதய மாத்திரை’ குளோபிடோகிரெல், நான் கேட்ட அதே ரத்தம் மெலிதாக்கும் மருந்து. இருதய இரத்தக்குழாய் அடைபடாதிருக்க ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்திருந்தவர் அவர். அன்று காலையிலும் அதை விழுங்கியிருந்தார். அந்த அட்டையைக் கையில் பிடித்தபடி நான் நின்ற சில நொடிகள் இன்றும் மறக்கவில்லை. அம்மருந்து உடலில் இருக்கையில் நுரையீரல் திசுவைக் கிள்ளினால் இரத்தக்கசிவு கட்டுக்கடங்காமல் போகக்கூடும். வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், அதுவும் இருதய மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே.

மருத்துவர் பதறவில்லை. திசு எடுப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தி உறிஞ்சியெடுத்தார். கழுவலில் இரத்தக்கசிவு அபாயம் மிகக் குறைவு. கருவி உள்ளே இருக்கையில் பேச இயலாது என்பதால், நிறுத்த வேண்டுமென்றால் என் கையை அழுத்துமாறு நோயாளியிடம் சொல்லியிருந்தேன். இருமுறை அழுத்தினார், இருமுறையும் நிறுத்தி ஆக்சிஜன் அளவைப் பார்த்தோம்.

முடிந்ததும் “ஒரு வாய் கோப்பி” கேட்டார். மரப்பு தணியாத தொண்டையில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால் இரண்டு மணிநேரம் காக்கவைத்தோம். பிறகு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து, இருமாமல் விழுங்குகிறாரா என்று பார்த்த பின்னரே கோப்பி.

கழுவிய நீரில் காசநோய் உறுதியாயிற்று. திசு எடுக்கவே தேவைப்படவில்லை. அதன்பின் நான் மருந்தின் குணத்தைச் சொல்லிக் கேட்பதில்லை. வீட்டில் விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, மேசைமேல் பரப்பி, ஒவ்வோர் அட்டையாகப் படிக்கிறேன்.