பினாங்கு ஈரக்காற்றில் ஒரு ரிப் படகு

ரிப் படகு கட்டக் கற்றுக்கொள்ளப் போகிறீர்களா? வரைபடம் அப்புறம் இருக்கட்டும், முதலில் பசையைப் பழகுங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன்.

அடியில் ஃபைபர் அல்லது அலுமினியத்தாலான ஹல் எனும் கெட்டியான உடல், சுற்றிலும் காற்றடைத்த டியூப், இதுதான் ரிப். 1960களில் வேல்ஸ் நாட்டின் அட்லாண்டிக் காலேஜ் என்ற பள்ளியில் டெஸ்மண்ட் ஹோர் என்ற கடற்படை அதிகாரியும் மாணவர்களும் கட்டிக் கட்டிப் பார்த்து உருவாக்கியது. காப்புரிமையை பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்புக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் கட்டிய படகு என்று தெரிந்த பிறகுதான் எனக்கும் துணிச்சல் வந்தது.

எனக்குக் கற்றுக்கொடுப்பவர் பத்து மாவுங்கில் படகு பழுதுபார்க்கும் ஓர் அண்ணன். பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு அவர் பட்டறைக்குப் போய்விடுவேன். நான் கொண்டுபோன வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, "மொதல்ல ரெண்டு துண்டு ஒட்டிக் காட்டு தம்பி" என்றார்.

டியூபுக்கு பிவிசி மலிவு. ஆனால் நம் வெயிலில் ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணிதான் நின்று உழைக்கும். டூபாண்ட் நிறுவனம் 2010இல் அந்த ரப்பரின் தயாரிப்பை நிறுத்திய பிறகும் அந்த வகைத் துணிக்கு அதே பெயர்தான். அதைக் கையால்தான் ஒட்ட வேண்டும். உப்புத்தாளால் மினுமினுப்புப் போகத் தேய்த்து, டொலுயின் என்ற கரைப்பானால் துடைத்து, இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த பசையை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, பிறகு உருளையால் நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்த வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கே வரும். பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அதன் மேற்பரப்பு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் நீர் படியும். ஹார்டனர் பசையோடு சேராமல் அந்த நீரோடு சேர்ந்துவிடும். 80 சதவீத ஈரப்பதம் இங்கே சர்வசாதாரணம். பசைக்கு 60க்கு மேல் போனாலே கவலைதான். அதனால் ஏர்கானும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஓடுகிற தனி அறையில்தான் ஒட்டுவோம். மூடிய அறையில் டொலுயின் வாடை நிற்கும், தீயும் பிடிக்கும். ஆவியை வடிகட்டும் முகமூடி போட்டு, காற்றை வெளியே இழுக்கும் வசதி செய்யாமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.

ஒட்டியது பிடித்ததா என்று பார்க்க, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு முனையைக் குறட்டால் பிடித்து இழுப்போம். பசை பளபளவென்று தனியாக உரிந்து வந்தால் தோல்வி. ரப்பர் பிய்ந்து உள்ளிருக்கும் நூல் இழைகள் தெரிந்தால் வெற்றி. மழை பெய்து ஓய்ந்த நாளில் அறைக்கு வெளியே ஒட்டிப் பார்த்த துண்டு தபால்தலை மாதிரிக் கழன்று வந்தது. அறைக்குள் ஒட்டியதைக் கிழிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அதன் பிறகு வரைபடத்துக்கு வந்தபோது ஒவ்வொரு கோடும் வேறு மாதிரி தெரிந்தது. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள டியூப், ஒரு மீட்டர் நீளம் முழுக்க மூழ்கினால் ஏறக்குறைய 160 கிலோ தாங்கும். அதற்காகத் தாழ்த்திப் பொருத்தினால் வேகமெடுக்கும்போது தண்ணீரை உழுதுகொண்டே போகும். நிற்கும்போது டியூபின் பின்பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும், ஓடும்போது விலகிவிட வேண்டும். முன்வளைவைத் துண்டு துண்டாக வெட்டித்தான் இணைக்க முடியும். துண்டு கூடினால் வளைவு அழகாக வரும், ஒட்டு வேலையும் கூடும். குறைவான துண்டுகளே போதும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் அந்தப் பசை மேசைதான்.

டியூபை உள்ளே தடுப்பு வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கிறோம். ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். 0.25 பார் அழுத்தத்துக்குக் காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி ஒட்டு ஒட்டாகப் பார்த்தோம். வால்வு அடியில் மட்டும் கடுகளவுக் குமிழிகள் வந்தன, இறுக்கியதும் நின்றுவிட்டன. சாயங்காலம் அழுத்தம் இறங்கியிருந்தது. "ஓட்டை தேடாத, சூடு எறங்கியிருக்கு. நாளைக்கு இதே நேரத்துல, இதே சூட்டுல அளந்து பாரு" என்றார் அண்ணன். மறுநாள் அளந்தோம், 0.25தான். அடுத்த வாரம் ஹல்லில் ஏற்றுகிறோம்.