நாங்கள் அறிந்த யாழ்ப்பாணம்

புலம்பெயர்ந்த நாடுகளில் வெளியாகும் மலர்களில் ஊரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயில் ஓடிய காலத்து யாழ்ப்பாணத்தையே எழுதுகிறார்கள். மூத்த மாணவர்களுக்கு அது உரிமையான நினைவு. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டு ரயில் நின்றுபோனபோது கீழ் வகுப்பில் இருந்த எங்களுக்கோ அது கேள்விப்பட்ட ஊர்தான். நாங்கள் நேசித்ததும், பிரிய மனமின்றித் தவித்ததும் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தையே.

மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் மாட்டிய சிறு திரியைப் பற்றவைப்போம். அந்த வெளிச்சத்தில் இரண்டு பேர் ஒரு புத்தகத்தைப் படிக்கலாம். மூன்றாமவர் வந்தால் நிழல் விழும். சாதாரண தரப் பரீட்சைக்கு எங்கள் வகுப்பு முழுவதும் அப்படித்தான் படித்தது. இரசாயனவியல் ஆசிரியரின் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, புகைக்குள் மறைந்துபோவார். மாலையில் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை ஒருவர் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்போம். செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போதுதான் சுற்றுபவரின் கை ஓயும்!

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரமும் அடங்கிய வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். இலட்சக்கணக்கான மக்கள் கிழக்கே உள்ள தென்மராட்சியை நோக்கி ஒரே நேரத்தில் புறப்பட, செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தால் அடைபட்டுப்போயின. ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்கு நெடுநேரம் காத்து நிற்க வேண்டியிருந்தது. தாகத்துக்குச் சிலர் குடையை மல்லாத்திப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தார்கள். அம்மா காணி உறுதிகளையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். மாடுகளை அவிழ்த்துவிடாமல் வரமாட்டேன் என்று நின்ற அப்பு, விடிந்த பிறகே எங்களைக் கைதடியில் வந்து பிடித்தார்.

தென்மராட்சியில் மாலைநேர வகுப்புகளாகப் பாடசாலை சில மாதங்கள் நடந்தது. 1996 ஏப்ரலில் இராணுவம் அங்கும் வந்தபோது, ஒரே வாங்கில் இருந்தவர்களில் சிலர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். சிலர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனார்கள். நான் இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்தவன். வன்னி, வவுனியா, கொழும்பு விடுதி என்று தவணை முறையில் விலகியதால், கட்டுநாயக்காவில் விமானம் ஏறியபோது எனக்கு அழுகை வரவில்லை. அழ வேண்டியதையெல்லாம் எங்கள் வீட்டுப் படலையைச் சாத்திய அன்றே அழுதுவிட்டேன் போலும்.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. நானும் அதில் ஒருமுறை போய் இறங்கினேன். எல்லோரும் வியந்த பயணம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, ஏனெனில் மீட்டெடுக்க எனக்கு ரயில் நினைவு ஏதும் இல்லை. ஊரிலேயே இருந்துவிட்ட வகுப்புத் தோழர்களோடு ஒரு மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். தாய்நாடு, பற்று, பிரிவு என்று அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றில் உவர் ஏறுவதையும், வெங்காயத்துக்கு விலை இல்லாததையும், ஆசிரியர் இடமாற்றத்தையும் பற்றிச் சலித்துக்கொண்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.