ஏழு மாசம் அலைக்கழிச்ச ஹைலக்ஸ், கள்ளன் பிடிபட்டது டாங்கிக்குள்ள

நேற்றுப் பின்னேரம் கால் டாங்கி டீசலோட அவிசாவளை போய்த் திரும்பி வந்தன், வண்டி ஒரு இடத்திலயும் நிக்கேல்ல. ஏழு மாசமா இந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தனான். வீட்டு வாசல்ல நிப்பாட்டிப்போட்டு பொனட்டைத் திறந்து, பிழை பிடிக்க டீசல் லைன்ல போட்டிருந்த உள்ள தெரியிற ஹோஸைப் பாத்தன், உள்ள டீசல் தேன் மாதிரி அசையாம நிக்குது, ஒரு குமிழி கூட இல்ல. சந்தோசத்தில மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினன்.

வண்டி 1992 ஹைலக்ஸ், எல்.என்.106 டபுள் கெப், 3எல் எண்ட மொடல் எஞ்சின், 2779 சிசி, கம்ப்யூட்டர் எண்டு ஒண்டும் இல்லாத பழைய டீசல். அப்பா ஓடின வண்டி. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு இதை எத்தனை பேர் விலைக்குக் கேட்டவை எண்டு கணக்கில்ல, நான் குடுக்கேல்ல, இனியும் குடுக்கமாட்டன்.

கரைச்சல் தொடங்கினது கண்டிக்குப் போகேக்க, கடுகண்ணாவை ஏத்தத்தில. மூண்டாவது கியர்ல ஏறிக்கொண்டிருக்க ஒரு இழுவை இழுத்துது, பிறகு திறப்பைத் திருப்பி ஓஃப் பண்ணின மாதிரி எஞ்சின் நிண்டுட்டுது. புகை இல்ல, சத்தம் இல்ல, சூடும் ஏறேல்ல. பில்டருக்கு மேல இருக்கிற ஹேண்ட் பம்பை இருபது முப்பது தரம் அடிச்சா ஸ்டார்ட் ஆகும், ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடும். பிறகு ரெண்டு கிழமை நல்ல பிள்ளை. திரும்ப ஒரு நாள் தெஹிவளை மேம்பாலத்தில ஏறேக்க நடு ரோட்டில நிக்கும், பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிச்சு உயிரை எடுப்பான்.

வழமையான வேலையெல்லாம் செய்தாச்சு. பில்டர் ரெண்டு தரம் மாத்தினது, அடியில இருக்கிற தண்ணியை வடிச்சது, டாங்கி மூடியில காத்துப் போற ஓட்டை அடைபட்டிருக்கோ எண்டு மூடியைத் தளர விட்டு ஓடினது. ஒண்டும் சரிவரேல்ல. டீசல் பம்ப் திருத்துற ஒரு இடத்துக்குக் கொண்டுபோனன், அவை பொனட்டைக்கூட வடிவா திறந்து பாக்காம பம்ப் கழட்டி ஓவர்ஹோல் பண்ணோணும் எண்டு ஒரு லட்சத்துக்கு மேல சொல்லிச்சினம். எனக்குச் சரியான கோவம். பம்ப் தேஞ்சிருந்தா சூட்டில ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கோணும், ஒவ்வொரு நாளும் ஏதாவது குறி காட்டோணும். ரெண்டு கிழமை பிழையில்லாம ஓடிப்போட்டு ஒரு நிமிசத்தில நிக்கிற வருத்தம் பம்புக்குள்ள இருக்கிற மாதிரி எனக்குப் படேல்ல.

முதல்ல கரண்ட் பக்கத்தை வெட்டி எறியோணும் எண்டு முடிவெடுத்தன். பம்புக்குப் பின்னால இருக்கிற ஃபியூவல் கட் சொலினாய்டுக்கு (கரண்டில திறந்து மூடுற டீசல் வால்வ்) 12 வோல்ட் போய்க்கொண்டே இருக்கோணும், ஒரு கணம் விட்டாலும் ஊசி மூடி டீசல் நிண்டுடும். பழைய வண்டியில திறப்பு சுவிட்ச் சூடாகி கொன்டாக்ட் விடுறது சாதாரணம். அதால சொலினாய்ட் முனையில இருந்து ஒரு வயர் இழுத்து டாஷ்போர்ட்ல ஒரு சின்ன பல்ப் போட்டன், மற்றப் பக்கம் ஏர்த். இருபது நிமிச வேலை. அடுத்த தரம் நிக்கேக்க பல்ப் ஒளி குறையாம எரிஞ்சுகொண்டிருந்துது. இறங்கி வயரைக் கழட்டிப் போட்டுப் பாத்தன், டக் டக் எண்டு சொலினாய்ட் அடிக்குது. கரண்ட் பக்கம் சுத்தம். மல்டிமீட்டரைப் பிடிச்சுக்கொண்டு ஓட ஏலாது, ஓடேக்க வாற பிழையைப் பிடிக்க இந்த பல்ப்தான் சரி.

அப்ப மிச்சம் டீசல் லைனுக்குள்ள போற காத்து. இந்த எஞ்சின்ல டாங்கிக்குள்ள பம்ப் கிடையாது, இன்ஜெக்டர் பம்புக்குள்ள இருக்கிற வேன் பம்ப்தான் (தகடுகள் சுத்தி உறிஞ்சுற சின்ன பம்ப்) பின்னால டாங்கியில இருந்து முன்னுக்கு டீசலை உறிஞ்சுது. அதால டாங்கியில இருந்து பம்ப் வரைக்கும் லைன் முழுக்க உறிஞ்சல்ல இருக்கு. எங்கயாவது ஓட்டை இருந்தா வெளியில டீசல் சொட்டாது, காத்து உள்ள போகும். கீழ கார்ட்போர்ட் மட்டையை விரிச்சு விடிய விடியப் பாத்தாலும் ஒரு துளி காணேலாது.

இதுக்கு உள்ள தெரியிற ஹோஸ் போட்டுப் பாக்கிறதுதான் வழி, ஆனா இந்த ஹோஸ்ல நான் பட்ட பாடு பெரிசு. முதல்ல மேசன்மார் மட்டம் பாக்கிற டியூப் ஒரு துண்டு வெட்டி பில்டருக்கும் பம்புக்கும் நடுவில போட்டன். அண்டைக்கே வண்டி மூண்டு தரம் நிண்டுது. முந்தி ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நிண்ட வண்டி இப்ப அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிக்குது! பிழை கிட்ட வந்திட்டுது எண்டு நான் பில்டர் தலையை எல்லாம் கழட்டிப் பூட்டினன். உண்மையில நடந்தது என்ன எண்டால், பொனட்டுக்குள்ள சூட்டில அந்த மெல்லிய டியூப் இளகி, உறிஞ்சல்ல சப்பையாகி ஒட்டிப்போகுது. ஆறினதும் திரும்ப உருண்டையாயிடும், கையில எடுத்துப் பாத்தா ஒண்டும் தெரியாது. எஞ்சின் ஓடேக்க பக்கத்தில நிண்டு 3000 ஆர்பிஎம் வைச்சுப் பிடிச்சபோதுதான் கண்ணால கண்டன். பிழை பிடிக்கப் போட்ட சாமானே புதுப் பிழை ஆனதில ஒரு கிழமை வீண்.

ஆகவே மெல்லிய டியூப் போடாதேங்கோ. உள்ளுக்க நூல் பின்னின தடிச்ச ஹோஸ் இருக்கு, உள் அளவு 8 மில்லிமீட்டர், அதை வாங்கோணும். கிளிப்பும் கவனம், திருகுற கிளிப்பை இறுக்கிக்கொண்டு போனா ஹோஸை வெட்டும், அந்த வெட்டாலயும் காத்துப் போகும். டீசல்ல இந்த ஹோஸ் நாள் போக மரக்கட்டை மாதிரி இறுகும், சோதிக்க மட்டும்தான், நிரந்தரமா விடுற சாமான் இல்ல.

குமிழியை வாசிக்கிறதும் ஒரு பழக்கம். பில்டர் மாத்தின உடனை கொஞ்ச நேரம் குமிழி வரும், அது கணக்கில்ல. ஐடில்ல, அக்சிலரேட்டர் மிதிக்காம ஓடேக்க, ஊசிமுனை அளவு ஒண்டு ரெண்டு, 2500க்கு ஏத்தினா சோடா மாதிரி நுரை, அதுதான் காத்து இழுக்கிற அடையாளம், ஏனெண்டால் வேகம் கூடக் கூட உறிஞ்சலும் கூடும். அந்த நுரை உடனை எஞ்சினை நிப்பாட்டாது. பில்டர் தலை உயரத்தில இருக்கிறதால காத்து அங்க போய்ச் சேர்ந்து சேர்ந்து இருக்கும், பெரிய குமிழியா வந்ததும் ஒரு ஏத்தத்திலயோ குலுக்கத்திலயோ மொத்தமா பம்புக்குள்ள விழுந்திடும். ரெண்டு கிழமை ஓடிப்போட்டு நிக்கிறதும், ஹேண்ட் பம்ப் அடிச்சா உயிர் வாறதும் ஏன் எண்டு அப்பதான் எனக்கு முழுசா விளங்கிச்சு. ரெண்டாவது துண்டு ஹோஸ் பில்டருக்கு முன்னால, பின்னாலயிருந்து வாற இரும்பு பைப் முடியிற இடத்தில போட்டன். அதிலயும் நுரை. அப்ப பில்டரில பிழையில்ல, காத்து அதுக்குப் பின்னால இருந்து வருது.

எங்கட வீட்டுக்கு மேல் மாடியில ஒரு அண்ணை இருக்கிறார், பஸ் டிப்போவில மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் பத்து லீற்றர் கேனை கெப் தட்டில கட்டி, டாங்கியடியில ஹோஸைக் கழட்டி கேனுக்குக் குடுத்து மொறட்டுவை வரைக்கும் ஓடிப்போட்டு, குமிழி இல்ல, பிழை டாங்கிதான் எண்டு வந்து சொன்னன். அவர் கேட்டிட்டு, "தம்பி, கேன் மேல இருக்கு, டீசல் தானா கீழ இறங்குது, பிறகு லைன் எங்க உறிஞ்சுது? ஓட்டை இருந்தாலும் இப்ப காட்டாது. கேனைத் தரையில வையும்" எண்டார். மனுசன் சொன்னது அவ்வளவு உண்மை. கேனைத் தரையில வைச்சு, வண்டியை நிப்பாட்டின இடத்திலயே 2500ல இருபது நிமிசம் பிடிச்சன், இப்ப உறிஞ்சல் முந்தியை விடக் கூட, எண்டாலும் குமிழி இல்ல. இரும்பு பைப், ரப்பர் ஹோஸ் எல்லாம் சுத்தம். ஒரு விசயம், ரிட்டன் ஹோஸையும் கேனுக்குக் குடுங்கோ, இல்லாட்டி கேன் டீசல் எல்லாம் ரிட்டன் வழியா டாங்கிக்குப் போய் கேன் கெதியில காலியாகிடும்.

இதோட கொப்பியை எடுத்துப் பாத்தன். நிண்ட ஒவ்வொரு தரமும் திகதி, இடம், டீசல் முள் எங்க எண்டு எழுதி வைச்சிருக்கிறன். எல்லாமே அரைக்குக் கீழ. நிறைய அடிச்ச கிழமைகள்ல ஒருக்காலும் நிக்கேல்ல. கொப்பி முதலே சொல்லியிருக்கு, நான்தான் வரிசையா வைச்சுப் பாக்கேல்ல.

ஞாயிற்றுக்கிழமை டாங்கியை இறக்கினது. டீசலை வடிச்சு, டாங்கியைத் தாங்கிற பட்டி போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே டபிள்யூடி-40 அடிச்சு ஊற விட்டும் ஒண்டு உடைஞ்சுது. மரைன் டிரைவ் பக்கம் வண்டி நிப்பாட்டுறவைக்கு இது தெரியும், கடல் காத்து எதையும் விட்டு வைக்காது. மேல இருக்கிற தட்டைக் கழட்டி உறிஞ்சுற குழாயை வெளியில எடுத்தா அடிப்பாகம் பளபள எண்டு நல்லா இருக்கு, நடுவில ஒரு சாண் தூரம் துரு. அடி முனையை ரப்பரால அடைச்சு, வாளித் தண்ணிக்குள்ள வைச்சு மேலால வாயால ஊதினன், குழாயைப் பிடிக்கிற பட்டி வெல்ட் பண்ணின இடத்துக்குப் பக்கத்தில வரிசையா குமிழி எழும்பிச்சு. ஓட்டை ஒரு குண்டூசி அளவும் இல்ல. டீசல் அதுக்கு மேல நிக்கும் வரைக்கும் அதாலயும் டீசல்தான் போகும், மட்டம் கீழ இறங்கினதும் காத்து.

ஏன் நடுவில மட்டும் துரு எண்டு யோசிச்சா 2022தான் ஞாபகம் வருது. டீசல் தட்டுப்பாடு, ஜூன் கடைசியில லீற்றர் 460 ரூபா, பிறகு கியூஆர் கோட் காட்டி அளவா வாங்குற கோட்டா. நான் வண்டியைக் கால் டாங்கியோட மாசக்கணக்கா நிப்பாட்டி வைச்சிருந்தன். டீசலுக்குள்ள மூழ்கின பாகத்துக்கு ஒண்டும் ஆகேல்ல, மேல ஈரக்காத்துப் பட்ட பாகம்தான் தின்னுப்பட்டது. அந்த நேரம் இப்படி நிப்பாட்டின டீசல் வண்டி வைச்சிருக்கிறவை ஒருக்கா பாருங்கோ.

சாமானுக்கு பஞ்சிகாவத்தை, கொழும்பில வாகனச் சாமான் கடைகள் இருக்கிற இடம். நாலு கடை ஏறி இறங்கினன். கடைசிக் கடைக்கார நானா, "தம்பி, அது தனிய வராது, டாங்கியோட எடுங்க" எண்டு ஒரு பழைய டாங்கியைக் காட்டினார், அதுக்குள்ள எட்டிப் பாத்தா என்டதை விட மோசம். எண்டாலும் அந்த மனுசன் நல்லவர், பிரேசிங் (பித்தளை உருக்கி ஒட்டுறது) செய்யிற ஒராளின்ர இடத்தையும் காட்டி விட்டார். அங்க போனா அவர் செம்புக் குழாயை எடுக்கிறார், வளைக்க லேசு எண்டு. நான் வேண்டாம் எண்டிட்டன், செம்பு பட்டா டீசல் கெதியில பழுதாகி பிசின் கட்டும். 8 மில்லிமீட்டர் இரும்புக் குழாயே போட்டு, பழசின்ர நீளத்தை வெட்ட முதலே அளந்து, அடித்தட்டில இருந்து அதே இடைவெளி வாற மாதிரி பிடிப்பிச்சன். ரெண்டு மில்லிமீட்டர் கீழ போனாலும் அடியில கிடக்கிற தண்ணியையும் மண்டியையும் இழுக்கும். திரும்ப வாளிக்குள்ள வைச்சு ஊதிப் பாத்துத்தான் காசு குடுத்தது.

டாங்கிக்குள்ள கிடந்த துருத்தூளைச் சங்கிலி போட்டுக் குலுக்கி ரெண்டு தரம் டீசலால கழுவினன், முழுக்கப் போகேல்ல. உறிஞ்சுற முனையில போடுற வலைக்கு இன்னும் சரியான அளவு கிடைக்கேல்ல, இப்ப வலை இல்லாமத்தான் ஓடுது, அதால பில்டர் கெதியா அடைபடும், ஒண்டு வாங்கி வண்டிக்குள்ள வைச்சிருக்கிறன். ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் டீசலுக்கு எண்டே வாறதில மாத்தோணும். பிறகு டைமிங் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு டாஷ்போர்ட்ல பெல்ட் லைட் எரியும், ஆனா இடையில ஸ்பீடோ கேபிள் அறுந்து கன காலம் ஓடின வண்டி, அந்தக் கணக்கை நம்பேலாது. பெல்ட்டோட அதை இழுத்துப் பிடிக்கிற ஐட்லரும் முன் சீலும் சேர்த்துத்தான் எடுக்கப்போறன், பெல்ட் மட்டும் மாத்தி பிறகு சீல் ஒழுகினா திரும்ப அதே வேலை.

வாற சனி கடுகண்ணாவை. அதே ஏத்தம், அதே மூண்டாவது கியர், முள் கால்ல. உள்ள தெரியிற ஹோஸை அது வரைக்கும் கழட்டமாட்டன்.