கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

மார்ச் 3, திங்கள்

புது வகுப்பு தொடங்கியது. பதினோரு பேர், எல்லாரும் 55-ஐத் தாண்டியவர்கள். கணினியையும் கைப்பேசியையும் வைத்து ஏதாவது சம்பாதிக்க முடியுமா என்று பார்க்க வந்திருக்கிறார்கள்.

முதல் அரைமணி நேரத்திலேயே தப்புப் பண்ணிவிட்டேன். தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் மவுஸைப் பிடித்தபடி, "தம்பி, இதை அமுக்கினா எதுவும் அழிஞ்சிடாதே?" என்று மூன்று தடவை கேட்டார். நேரம் போகிறதே என்று மவுஸை நானே வாங்கி, டக்டக்கென்று முடித்துக் கொடுத்தேன். "சரி, சரி" என்று தலையாட்டினார். அடுத்த படி வந்ததும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

மவுஸ் என் கைக்கு வந்தால் வேலையும் என்னுடையதாகிவிடுகிறது. இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தும் எனக்கு இந்தப் புத்தி தங்குவதில்லை.

மார்ச் 5, புதன்

இன்று முழுக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தேன். வாய் மட்டும்தான்.

பாடத்தையும் மாற்றினேன். முதலில் தட்டச்சு இல்லை, கன்ட்ரோல் இசட். ஒரு பத்தியை அழித்துவிட்டு அதைத் திரும்ப வரவழைக்கச் சொன்னேன். தையல் அக்கா ஒரு பக்கத்தையே அழித்தார், வரவழைத்தார், மறுபடி அழித்தார். ஐந்தாறு தடவை. "பிரிச்சுத் தைக்கிறதுதானே? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

அப்புறம் சாலிடேர். 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு அந்தச் சீட்டாட்டம் வந்தபோது, மவுஸால் ஒன்றைப் பிடித்து இழுத்து வேறிடத்தில் விடப் பலரும் பழகியது அதில்தான். "வேலை கத்துக்க வந்தா சீட்டாட விடுறார்" என்று ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஐயா முணுமுணுத்தார். வகுப்பு முடிந்து விளக்கை அணைக்கப் போனபோது அவர் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

கைப்பேசி. பாதிப் பேர் "என் போன் சரியில்லை" என்றார்கள். போன் சரியாகத்தான் இருக்கிறது. வறண்ட, காய்த்துப்போன விரல் நுனி தொடுவதைத் திரை சில நேரம் உணர்வதே இல்லை. ஒன்றும் நடக்கவில்லையே என்று இவர்கள் அழுத்திப் பிடிக்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் அது வேறு கட்டளை: படம் நகர்கிறது, ஏதோ ஒரு பட்டியல் திறக்கிறது, ஆள் பயந்துபோகிறார். அமைப்புகளில் அணுகல் வசதிக்குள் போனால் எவ்வளவு நேரம் அழுத்தினால் 'பிடித்தல்' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கூட்டி வைக்கலாம். எழுத்தையும் பெரிதாக்கினோம். நாற்பதைத் தாண்டினாலே கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கும்; இவர்கள் சின்ன எழுத்தோடு மல்லுக்கட்டி, அதைத் தங்கள் மண்டையின் குறை என்று நினைத்திருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

கடவுச்சொல். குறியும் எண்ணும் கலந்த எட்டு எழுத்துக் குழப்பத்தைவிட, சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்த நீளமான ஒன்றே மேல். நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வையுங்கள் என்றேன். தூரத்தில் இருக்கும் திருடனுக்கு அந்த நோட்டு எட்டாது. போனில் யாரோ அவசரப்படுத்தி ஓடிபி கேட்டால் பேச்சே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

மார்ச் 17, திங்கள்

இன்று பாடம் எனக்கு.

கணக்குப் பிரிவில் காலம் தள்ளிய ஐயா ஒருவர் இருக்கிறார். வரவு செலவு அட்டவணையில் இருபது எண்களைத் தட்டினார், கீழே கூட்டல் சூத்திரத்தைப் போட்டார். விடை வந்ததும், "தப்பு" என்றார். கணினி தப்பாகக் கூட்டாது ஐயா என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். அவர் பதிலே பேசவில்லை. பென்சிலால் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டி மனதிலேயே கூட்டிக்கொண்டு வந்து, "ஆயிரத்துச் சொச்சம் குறையுது" என்றார்.

சூத்திரத்தைப் பார்த்தேன், சரி. வரம்பைப் பார்த்தேன், அதுவும் சரி. என் கை தானாக மவுஸை நோக்கிப் போனது, இழுத்துக்கொண்டேன். நல்ல வேளை. ஐயாதான் கண்டுபிடித்தார்: "எல்லா எண்ணும் வலப்பக்கம் ஒட்டியிருக்கு. இது ஒண்ணு மட்டும் இடப்பக்கம் சாஞ்சிருக்கே, ஏன்?"

அந்தக் கட்டத்தில் இருந்தது எண்ணே அல்ல. ஐயா தொடக்கத்தில் தட்டச்சு இயந்திரத்தில் வேலை பார்த்தவர். பழைய இயந்திரங்கள் பலவற்றில் 1-க்குத் தனி விசை கிடையாது. ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்பார்கள். நாற்பது வருடம் கழித்தும் விரல் அங்கேயே போயிருக்கிறது. எழுத்து கலந்துவிட்டதால் அட்டவணை அதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு இடப்பக்கம் தள்ளிவிட்டது. கூட்டலிலும் சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

இடது, வலது வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் விடையைச் சந்தேகப்படவே இல்லை. மனக்கணக்கு இல்லாத யாராவது அந்தக் கூட்டலை அப்படியே அனுப்பியிருப்பார்கள், என்னையும் சேர்த்துத்தான்.

மார்ச் 19, புதன்

விலை வைப்பது. தையல் அக்காவின் கணக்கையே எடுத்தோம். செலவு நூறு என்றால் கால் பங்கு சேர்த்து 125 வாங்குகிறார். தெரிந்தவர் என்றால் இருபது சதவீதம் தள்ளுபடி. "இருபத்தஞ்சுல இருபது போனாலும் அஞ்சு மிஞ்சுதே" என்றார். அட்டவணையில் போடச் சொன்னேன். 125-ல் இருபது சதவீதம் 25. கையில் மிஞ்சுவது நூறு. அதாவது ஒன்றுமில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு எல்லாருமே தெரிஞ்சவங்கதானே" என்றார்.

அந்த நூறிலும் அவர் நேரத்துக்குக் கூலி இல்லை. இதை முன்பே கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அரைமணி வேலை என்று அவர் சொன்னதை வீட்டில் கைப்பேசிக் கடிகாரத்தை ஓடவிட்டு அளந்து வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு அளவுக்குக் கீழே போனால் கடைசிக் கட்டம் சிவப்பாகும்படி வைக்க முடியுமா என்று அவராகவே கேட்டார். முடியும். வைத்தார்.

மார்ச் 24, திங்கள்

அளந்ததில் ஒரு மணி பத்து நிமிடம். நூல் வாங்கப் போனது, அளவெடுத்தபோது பேசிய பேச்சு எல்லாம் சேர்த்து.

இன்று ஒரு ஆய்வைச் சொன்னேன். 2020-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. பிழைதிருத்துநர் ஐயா கையை உயர்த்தினார்: "எனக்கு அறுபத்து மூணு." நியாயம்தான். இவர்களில் யாருக்கும் அவ்வளவு பெரிய நிறுவனமும் தேவையில்லை. இனி இதை வகுப்பில் சொல்லப்போவதில்லை.

அவர் தன் சேவை அறிவிப்பில் "நாற்பது ஆண்டு அனுபவம்" என்று எழுதியிருந்தார். அதை எல்லாரும் எழுதுவார்கள், செய்த வேலையைக் காட்டுங்கள் என்றேன். பையிலிருந்து நான் கொடுத்த பாடக்குறிப்பை எடுத்தார். சிவப்பு மையில் பதினான்கு திருத்தம், அதில் ஒற்றுப்பிழை மட்டும் ஒன்பது. அதையே படம் பிடித்து, முன்னும் பின்னுமாக அறிவிப்பில் போட்டிருக்கிறார். என் பெயரை மறைத்துவிட்டார், அந்த மட்டில் சந்தோஷம்.

மார்ச் 29, சனி

கால்சட்டை ஒன்றின் நீளத்தைக் குறைக்க அக்காவிடம் கொடுத்திருந்தேன். ரசீது வந்தது. ரசீது என்றால், அட்டவணைக் கோப்பு முழுவதையும் அனுப்பியிருக்கிறார். மற்ற வாடிக்கையாளர்களின் பெயர், இடுப்பளவு எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த வகுப்பில் முதல் வேலை இதுதான்.

என் பெயருக்கு நேரே: நூல், நாற்பது நிமிடம், தெரிந்தவர் தள்ளுபடி 0. சும்மா சீண்டலாமே என்று, எனக்குமா அக்கா என்று கேட்டேன். குரல் பதிவு வந்தது.

"அந்தக் கட்டத்துல நீங்களே ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்க தம்பி. கீழே சிவப்பாகலைன்னா கழிச்சுக்கோங்க."

ஐந்து போட்டேன். சிவந்தது. கன்ட்ரோல் இசட் அடித்துவிட்டுப் பணத்தை அனுப்பினேன்.