முடிவுகள் எல்லாம் சரி என்றான பிறகு

கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வலது முழங்கால் வீங்கிய நிலையில் ஒருவர் என்னிடம் அனுப்பப்பட்டார். அவர் நில அளவையாளர். புதர் மண்டிய எல்லைகளிலும் காட்டோரங்களிலும் கருவியைச் சுமந்துகொண்டு நடப்பதே அவருடைய தொழில் என்பதால், ஏதோ ஒரு நாள் கால் பிசகியிருக்கும் என்றே மருத்துவரின் சீட்டும் சொன்னது, நானும் நம்பினேன். அவரைக் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, முழங்கால் சில்லுக்கு மேற்புறத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலால் சில்லைத் தட்டினேன். தண்ணீரில் மிதக்கும் மரத்துண்டைப் போல அது உள்ளே அமிழ்ந்து எலும்பில் மோதி மறுபடி மேலே வந்தது. அவ்வளவு நீர் கோத்திருக்கும் மூட்டை மடக்கினால் வலியில் துடித்துவிடுவார் என்று எண்ணி மெதுவாக மடக்கினேன். அவரோ, வலி பெரிதாக இல்லை, இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றார்.

வீக்கத்துக்கும் வலிக்கும் பொருத்தமில்லையே என்று குறித்துக்கொண்டேனே தவிர, அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. குறிப்பைப் படித்த மூத்த சக ஊழியர் ஒருவர்தான், “போன கோடையில் இவர் எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டீர்களா?” என்றார். நான் கேட்டிருக்கவில்லை. கேட்டபோது வந்த பதில் இது: முந்தைய ஜூன் மாதம் தொடையின் பின்புறத்தில் சிவந்த தடிப்பு ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் அகன்று, உள்ளங்கையை விடப் பெரிதாகியிருக்கிறது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. கூடவே சில நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து போயின. தடிப்பு தானாக மறைந்ததும் அதை அவர் மறந்துவிட்டார். பூச்சி எதையும் அவர் பார்க்கவே இல்லை. அவரை மருத்துவரிடமே திருப்பி அனுப்பினோம். முதலில் எலிசா, பிறகு வெஸ்டர்ன் பிளாட் என்று இரண்டு படிகளில் செய்த இரத்தப் பரிசோதனையில், உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் உறுதியானது. 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் வீக்கம் படிப்படியாக வடிந்தது.

பூச்சியைப் பார்க்கவே இல்லை என்று அவர் சொன்னதை அன்று நான் வியப்பாகக் கேட்டேன். இன்று வியக்க மாட்டேன். இப்பகுதியில் நோயைப் பரப்புவது கருங்கால் உண்ணி. முட்டையிலிருந்து வெளிவரும்போது அதனிடம் நோய்க்கிருமி இருப்பதில்லை. பெரும்பாலும் வெண்பாத எலியின் இரத்தத்தைக் குடிக்கும்போது பொரேலியா என்னும் சுருள் வடிவ பாக்டீரியா அதற்குள் புகுகிறது. அடுத்த பருவமான இளம் உண்ணிதான் மனிதருக்கு மிக ஆபத்தானது, ஏனென்றால் அதன் உருவம் ஒரு கசகசா விதையளவே. கோடையின் தொடக்கத்தில் அது முழங்காலின் பின்மடிப்பிலோ அக்குளிலோ தலைமுடிக்குள்ளோ ஒட்டிக்கொண்டால், வலிக்காமல் கடித்து, வேண்டிய மட்டும் குடித்துவிட்டுத் தானாக விழுந்துவிடும். பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலுக்குள் சேர்கிறது என்பதால், வெளிவேலை முடிந்த அன்றே உடம்பு முழுவதையும் தடவிப் பார்ப்பது பெரிய பாதுகாப்பு. கண்டால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். நெருப்புக் காட்டுவதும் வாசலீன் பூசுவதும் கூடாது.

தடிப்பைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. நோய்த்தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காட்டினருக்கு அது தோன்றுகிறது. பாடநூல்கள் காட்டும் படமோ பெரும்பாலும் வெளிறிய தோலில் அம்பு எய்யும் இலக்குப் பலகையைப் போன்ற வளையங்கள். உண்மையில் பலருக்கு வளையமே இருப்பதில்லை, முழுவதும் ஒரே நிறமாகப் பரவியிருக்கும். என்னைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, அடிபட்ட கன்றலைப் போலத் தோன்றும். தொடக்க வாரங்களில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிராததால் இரத்தப் பரிசோதனையும் பல நேரம் நோய் இல்லை என்றே சொல்லும். ஆகவே அந்தத் தடிப்பை அடையாளம் காணும் கண்தான் அப்போது முக்கியமான கருவி. அந்தக் கண் எல்லா நிறத் தோலுக்கும் பழகியிருக்க வேண்டாமா?

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையும் கேட்பதைப் பற்றியதுதான். கனெக்டிகட்டின் லைம் என்ற சிற்றூரில் வாழ்ந்த பாலி மர்ரே என்ற பெண், தம் குடும்பத்தினருக்கு மாறி மாறி வந்த மூட்டு வீக்கத்தையும் தடிப்புகளையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்திருந்தார். மருத்துவர்கள் பலரும் பொருட்படுத்தாத அந்தக் குறிப்புகளோடு 1975இல் அவர் மாநிலச் சுகாதாரத் துறையை அணுகினார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீயரும் உடன் ஆய்ந்தவர்களும், சிறுவர் மூட்டுவாதம் என்று முத்திரை குத்தப்பட்டிருந்த பலரை ஊர் ஊராகத் தேடிச் சென்று விசாரித்தார்கள். 1977இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் இடம்பெற்ற 51 பேரில் 39 பேர் குழந்தைகள். கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் கண்டறிந்தது அதற்கும் பிறகு, 1981இல்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டிருந்த நானே, சில ஆண்டுகள் கழித்து, கேட்கத் தவறினேன். அப்போது என்னிடம் வந்த ஒரு பெண்மணி கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்பவர். லைம் நோயால் அவருடைய முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. ஆன்டிபயாட்டிக் சிகிச்சைக்குப் பின் முகம் நேரானது. எட்டு மாதம் ஆகியும் சோர்வு மட்டும் நீங்கவில்லை. எண்களை ஒரு பத்தியிலிருந்து மறு பத்திக்கு எழுதுவதற்குள் மறந்துவிடுகிறது என்றார். பரிசோதனைகளில் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை. படுத்திருந்து தசை தளர்ந்திருக்கும் என்று கணித்து, நடைப்பொறியில் 12 நிமிடம் நடக்கவைத்தேன். முகமலர்ச்சியோடு நடந்து முடித்தார். அடுத்த அமர்வை ரத்து செய்தார், அதற்கடுத்ததையும். அவருடைய பதிவில் நான் எழுதிய சொற்கள்: “ஒத்துழைப்பு குறைவு.”

பத்து நாள் கழித்து அவர் வந்தபோது கையில் ஒரு சிறிய குறிப்பேடு இருந்தது. நடந்த அன்று மாலை வரை நன்றாக இருந்திருக்கிறார். மறுநாள் காலை எழுந்து பல் துலக்கியதும் மீண்டும் படுக்க வேண்டியிருந்தது, அடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணியும் நிமிடமும் எழுதியிருந்தார். என் பதிவைவிட அவருடைய பதிவு பன்மடங்கு துல்லியமானது என்பதை உணர்ந்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சிகிச்சை பெற்றவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இப்படிச் சோர்வும் வலியும் நினைவுத் தடுமாற்றமும் ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கின்றன. காரணம் இன்னும் தெளிவாகவில்லை. 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் வெளியான ஆய்வுகள், மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது நீடித்த பலனைத் தருவதில்லை என்று காட்டின. துன்பம் உண்மை, ஆனால் மேலும் மருந்து அதற்கு விடையல்ல என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது. இரண்டாவதை மட்டும் சொன்னால் நோயாளிக்கு, “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்றே கேட்கும். அப்படிக் கேட்டு மனமுடைந்தவர்கள் பெரும் தொகைக்கு நரம்பு வழி மருந்தை விற்பவர்களிடம் போய்ச் சேர்வதை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண்மணிக்கு நான் செய்யக் கூடியது, உடல் தாங்கும் எல்லையைக் கண்டறிந்து அதற்குள் நிறுத்துவது. நான்கு நிமிட நடையில் மறுபடி தொடங்கினோம். மறுநாள் அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்த பிறகே அடுத்த அளவை முடிவு செய்தோம். நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடும் பழக்கத்தை விடுவதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. அலுவலகத்தில் அவரைப் பார்ப்பவர்கள் முகம் சரியாகிவிட்டதைப் பார்த்தார்கள், சோர்வைப் பார்க்கவில்லை. என் அளவீடுகளையும் அவருடைய குறிப்பேட்டையும் இணைத்து மருத்துவர் எழுதிய கடிதத்தால், நாளுக்கு நான்கு மணி நேர வேலையும் இடையே படுத்து ஓய்வெடுக்க ஓர் அறையும் கிடைத்தன. ஓராண்டு முடிவில் அவர் இருபது நிமிடம் நடந்தார். முழு நேர வேலைக்கு அவர் திரும்பவில்லை.

மருத்துவப் பதிவில் எழுதியதை அழிக்க இயலாது, கீழே திருத்தக் குறிப்பு சேர்க்கலாம். அவர் குறிப்பேட்டைக் காட்டிய அந்த வாரமே சேர்த்தேன்: “அமர்வுகளை ரத்து செய்தது நோய் அறிகுறியின் காரணமாக. பயிற்சி அளவு அதிகமாக இருந்தது. அளவை நிர்ணயித்தது நான்.”